வாசகர் கேள்விகள்: தெக்குப் பக்கத்து அண்டா

(இந்த இதழில் மொழி ஆராய்ச்சி பற்றிய கேள்விகள் மட்டும். பதில் சொல்பவர், காரைக்குடியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: கோவையில் வளரும் என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். "இரண்டாம் கட்டில் தெக்குப் பக்கம் இருக்கிற அண்டாவை எடுத்து வாப்பா" என்றேன். நடுவில் நின்றுகொண்டு "லெஃப்டா ரைட்டா, ஆயா?" என்று கேட்கிறான். எங்களுக்குத் தானாகத் தெரியும் திசை இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் தெரியவில்லை? (வாசகி, கானாடுகாத்தான்)

ஆச்சி, பேரனைத் திட்டாதீர்கள். அவன் கேட்டதையும் நீங்கள் சொன்னதையும் வைத்து வெளிநாட்டுக்காரர்கள் பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் தமிழும் ஒரு சாட்சி. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது.

நெதர்லாந்தில் நைமேகன் என்ற ஊரில் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து எரிக் பெடர்சன் என்ற ஆய்வாளர் 1990களில் தமிழ்நாட்டுக்கு வந்து, கிராமத்துத் தமிழர்களும் நகரத்துத் தமிழர்களும் இடத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தார். ஒரே தமிழ்தான். ஆனால் கிராமத்தார் வடக்கு, கிழக்கு என்றார்கள். நகரத்தார் இடது, வலது என்றார்கள். (நான் நகரவாசிகளைச் சொல்கிறேன். நம் பக்கம் நகரத்தார் என்றால் செட்டியார் சமூகம் என்பதால், இந்தச் சொல்லைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.)

பேச்சோடு விடவில்லை. ஒரு மேசையில் பொம்மை மிருகங்களை வரிசையாக, ஒரே பக்கம் பார்க்கும்படி நிறுத்துவார்கள். மனத்தில் வாங்கிக்கொண்டபின் ஆளை அப்படியே பின்புறம் திருப்பி, எதிரில் இருக்கும் இன்னொரு மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வார்கள். வடக்கே பார்த்த மாட்டை இங்கேயும் வடக்கே பார்க்க வைக்கிறாரா, இல்லை, தன் சோத்துக்கைப் பக்கம் பார்த்த மாட்டை இங்கேயும் சோத்துக்கைப் பக்கமே வைக்கிறாரா? ஆள் திரும்பிவிட்டதால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை, ஆனாலும் பேசும் பழக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே கையும் போனது. ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர், மெக்சிகோவின் செல்தால் என்று வேறு பல மொழிகளிலும் இதே மாதிரிச் சோதனைகள் நடந்தன.

அப்புறம் எதிர்க்கட்சி வந்தது. பெக்கி லீ, லைலா கிளைட்மன் என்ற இருவர் 2002இல், இது மொழியின் வேலை இல்லை, சுற்றுப்புறத்தின் வேலை என்றார்கள். அமெரிக்க மாணவர்களையே வைத்து, சன்னல் திரையை மூடியும் திறந்தும், கண்ணில் அடையாளம் படும்படி வைத்தும் பார்த்தார்கள். இடது வலது என்று பேசுகிறவர்களும் அடுக்கும் விதத்தை மாற்றினார்களாம். நைமேகன்காரர்கள் அதே ஆண்டில் மறுப்பு எழுதினார்கள். சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு தரப்பையும் உங்கள் வீட்டு வளவில் உட்கார வைக்கலாம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவில் வானம் தெரியும் முற்றம். ஊரே கட்டம் போட்ட நோட்டு மாதிரி தெருப் பிரித்த ஊர். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு வெயில் விழுகிற பக்கமே திசையைச் சொல்லிவிடும். லிஃப்டில் ஏறி இறங்குகிற பிள்ளைக்கு எங்கே வெயில், எங்கே முற்றம்? அதோடு, தினம் "தெக்க போ, வடக்க வை" என்று சொல்ல ஆள் இருந்தால்தான் காதும் பழகும். என் வகுப்பில் வடக்கைக் காட்டச் சொன்னால் சுவரில் தொங்கும் படத்தின் உச்சியைக் காட்டுவார்கள். அதே பிள்ளைகள் மைதானத்தில் "டேய், மேக்க எறிடா" என்று சரியாகக் கத்துவார்கள். பேரனை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், அண்டா வந்துவிடும்.

கேள்வி: பேருந்து நிலையத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் பேசுவதைக் கேட்டால் மூச்சு விடாமல் பேசுவதுபோல் இருக்கிறது. உலகத்திலேயே வேகமான மொழி எது? (வாசகர், தேவகோட்டை)

புரியாத மொழி எல்லாமே வேகமாகத்தான் கேட்கும். நாம் பேசுவதும் அவர்களுக்கு அப்படித்தான்.

2019இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 17 மொழிகளை அளந்தார்கள். ஜப்பானியரும் ஸ்பானியரும் நொடிக்கு நிறைய அசைகளைக் கொட்டுகிறார்கள், ஆனால் ஒவ்வோர் அசையிலும் சரக்கு குறைவு. வியட்நாம், தாய்லாந்து மொழிகளில் அசை மெதுவாக வரும், சரக்கு கனம். கடைசியில் எல்லாரும் நொடிக்கு ஏறத்தாழ 39 பிட் (தகவலை அளக்கும் அலகு) தகவலைத்தான் அனுப்புகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. அழகான முடிவுதான். ஆனால் அந்த 17இல் தமிழ் இல்லை, இந்தி இல்லை, இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. "உலக மொழிகள்" என்று செய்தியில் படித்தால் பட்டியலைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: மகள் போனில் செயற்கை நுண்ணறிவுச் செயலி போட்டுக் கொடுத்தாள். தமிழில் கேட்டால் பதில் ஊர்ந்து வருகிறது, சீக்கிரமே "வரம்பு முடிந்தது" என்கிறது. ஆங்கிலத்துக்கு இப்படி இல்லையாம். தமிழ் மேல் என்ன கோபம்? (வாசகர், பள்ளத்தூர்)

கோபம் இல்லை, கணக்கு. அந்தச் செயலி நம் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டித்தான் படிக்கிறது. காசும் நேரமும் வரம்பும் துண்டுக்கு இவ்வளவு என்றுதான். கணினியில் நம் எழுத்தைச் சேமிக்கும் முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் (சேமிக்கும் இடத்தின் அலகு), தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். "காரைக்குடி" என்று எழுதினால் மெய், புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சேர்த்துப் பத்துக் குறியீடு, ஆக 30 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 9. பைட் கூடினால் துண்டும் கூட வாய்ப்பு.

இது மட்டுமே காரணம் இல்லை. எந்தத் துண்டுகளை முழுசாக வைத்துக்கொள்வது என்பதை, செயலியைப் பழக்கிய எழுத்துக் குவியலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். குவியலில் ஆங்கிலம் மலைபோல் இருந்தால் ஆங்கிலச் சொல் முழுசாகத் தப்பிக்கும், தமிழ்ச் சொல் பொடிப்பொடியாகும். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஒரே செய்தியைப் பல மொழிகளில் வெட்டிப் பார்த்தபோது, சில மொழிகளுக்கிடையே துண்டுகளின் எண்ணிக்கை 15 மடங்கு வரை வித்தியாசப்பட்டது.

இதில் நல்ல செய்தியும் உண்டு. 2024இல் சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனம் வெட்டும் முறையைத் திருத்தியபோது, அவர்களே காட்டிய ஒரு தமிழ் உதாரணம் 116 துண்டிலிருந்து 35 ஆனது. அதாவது இது தமிழின் விதி இல்லை, செய்தவர் செய்த விதம். மாற்ற நினைத்தால் மாறுகிறது. உங்கள் செயலி எந்த முறையில் வெட்டுகிறது என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தமிழே உலகின் முதல் மொழி என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்ததே? (வாசகர், கோட்டையூர்)

வந்திருக்கும். 2018இல் 20 திராவிட மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு, அந்தக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 4,500 வயது என்று கணித்த ஓர் ஆய்வு உண்டு. அது குடும்பத்தின் வயது, மனிதன் முதலில் பேசிய மொழியின் வயது இல்லை. நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் பானை ஓட்டில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து கிடைத்திருக்கிறது. பெருமைப்பட அதுவே தாராளம். ஃபார்வர்டு பண்ணாதீர்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் "ஆங்?" என்கிறார். இதற்கும் ஆராய்ச்சி உண்டா? (வாசகி, புதுவயல்)

உண்டம்மா. 2013இல் மார்க் டிங்கமான்ஸும் கூட்டாளிகளும் 31 மொழிகளைப் பார்த்து, காதில் சரியாக விழாதபோது கேட்கும் அந்தச் சின்ன ஒலி எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது என்றார்கள். 2015இல் அதற்கு, சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசும் கிடைத்தது. அதே ஆண்டில் 12 மொழிகளின் பேச்சைப் பதிவு செய்து எண்ணியதில், சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் இப்படி நிறுத்திக் கேட்கிறார். உங்கள் வீட்டுக்காரர் அதற்கு மேல் போகிறார் என்றால் காது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். டிவி ஓடும்போது மட்டும்தான் என்றால், செலவு வேண்டாம்.