ஒரு குவார்ட்டர் என்பது எத்தனை டிரிங்க்?

அன்புள்ள ஐயா,

சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி மாணவர்களின் குடிப்பழக்கம் பற்றி ஆடிட் (AUDIT) என்ற கேள்வித்தாளை, அதாவது குடி ஆபத்தான அளவில் இருக்கிறதா என்று கண்டறியும் பத்துக் கேள்விகளைக் கொடுத்து 120 பேரிடம் சர்வே எடுத்தேன். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவலைப்பட வேண்டிய குடி என்று கணக்கு, ஆனால் அநேகமாக எல்லோருக்கும் 8-க்குக் கீழேதான் மதிப்பெண். விடுதியில் நான் பார்ப்பதோ வேறு. இப்படிப் பொய் சொல்கிறவர்களிடம் கேட்டு என்ன பயன்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

பொய் என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம். இரண்டாவது கேள்வியை மறுபடி படியுங்கள். குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க் என்று கேட்கிறது. அந்தக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். நம் பையனுக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்த அளவு கட்டிங், குவார்ட்டர், ஆஃப். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் ஏறத்தாழ 60 கிராம், அதாவது ஆறு டிரிங்க். அவன் "ஒண்ணே ஒண்ணுதான்" என்று மனதறிந்து உண்மையாகவே '1 அல்லது 2' என்பதில் டிக் அடிக்கிறான், அதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

சனிக்கிழமைதோறும் ஒரு குவார்ட்டர் குடிப்பவனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி எவ்வளவு அடிக்கடி குடிக்கிறாய் என்பது. அதையும் சேர்த்து முதல் மூன்று கேள்விகளுக்கு அவனுக்கு வர வேண்டியது 2, 2, 3, ஆக 7. உங்கள் தாளில் விழுந்திருப்பது வெறும் 2. மூன்றாவது கேள்வி ஒரே அமர்வில் ஆறு டிரிங்கோ அதற்கு மேலோ எவ்வளவு அடிக்கடி குடிக்கிறாய் என்றுதான் கேட்கிறது, வாராவாரம் அதைச் செய்கிறவன் 'ஒருபோதும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போகிறான். மீதி ஏழு கேள்விகளில் ஒரு மதிப்பெண் வந்தாலே 8 ஆகிவிடும், நீங்களோ அவனைக் கவலையில்லாதவர்கள் பட்டியலில் போட்டுவிட்டீர்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் பேசிப் பார்க்க இதைவிட நல்ல வயது கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்து உருவாக்கிய கேள்வித்தாள் அது, இந்தியா அந்த ஆறில் இல்லை. உள்ளூர் மதுவுக்கும் அளவுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்று அதன் கையேடே சொல்கிறது. நம் ஊரில் மொழிபெயர்ப்பவர்கள் பலர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மறைப்பதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மது விற்கக் கூடாது. வகுப்பில் ஆசிரியர் நிற்க, ரோல் நம்பர் எழுதச் சொல்லிவிட்டுத் தாளைக் கொடுத்தால் பத்தொன்பது வயதுப் பையன் என்னதான் எழுதுவான்? பெண்களுக்கு உண்மையை எழுதுவது இன்னும் கஷ்டம். பெயர் வேண்டாம், எண் வேண்டாம், மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

அந்த 120 தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்னொரு இருபது முப்பது பேரிடம் முதலில் இதே தாளைக் கொடுங்கள். அப்புறம் அவர்களிடமே போன வாரத்தை நாள் நாளாக, என்ன சரக்கு, எத்தனை மில்லி, எத்தனை பேர் பங்கு போட்டீர்கள் என்று கேளுங்கள். பீர் என்றால் 650 மில்லியா, ஸ்ட்ராங்கா என்பதும் வேண்டும். இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளியை ஆய்வேட்டில் தனி அத்தியாயமாகவே எழுதலாம். கைடு மறுத்தால் இந்தக் குவார்ட்டர் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.