கிளினிக்கில் ஆராய்ச்சிப் படிவம் நீட்டினால் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. பிள்ளை பிறந்தவுடன் உதிரப்போக்கைக் குறைக்கும் இரண்டு ஊசிகளில் எது நல்லது என்று பார்க்கும் ஆராய்ச்சிக்குக் கிளினிக்கில் ஒரு படிவம் தந்தார்கள். "உன்னை எலி மாதிரி வைத்துப் பார்க்கப் போறாங்க" என்கிறார் மாமி. மாட்டேன் என்றால் பேறு நேரம் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்றும் பயம்.
- களுவாஞ்சிகுடி வாசகி

பதில்: கடைசிப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள் தங்கச்சி. மாட்டேன் என்று சொல்லக் காரணம்கூடத் தேவையில்லை. சேர்ந்த பிறகும் விலகலாம். அதற்காக உங்கள் பராமரிப்பில் ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று மனிதரில் செய்யும் ஆராய்ச்சிக்கு டொக்டர்மார் பின்பற்ற வேண்டிய நெறிகளான உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கிப் பிரகடனத்தில் எழுதியே இருக்கிறது. உங்களைப் பார்க்கும் டொக்டரே படிவத்தை நீட்டினால் மறுக்கக் கூச்சமாக இருக்கும். "வேறு யாராவது விளங்கப்படுத்த முடியுமா" என்று கேளுங்கள், தப்பே இல்லை.

மாமிக்கு ஒரு கதை சொல்லுங்கள். கரு கலையாமல் இருக்கவென்று டி.இ.எஸ். என்ற குளிசையை அமெரிக்காவில் பிள்ளைத்தாச்சிகளுக்கு 1940களிலிருந்து கொடுத்தார்கள். 1953இல் ஒழுங்காக ஆராய்ந்து பார்த்தால், அதில் பலனே இல்லை. அப்படியும் 1971 வரை கொடுத்தார்கள், அந்தத் தாய்மாரின் பெண் பிள்ளைகள் சிலருக்கு அபூர்வமான புற்றுநோய் வந்தது தெரியவரும்வரை. எலியாக்கியது ஆராய்ச்சியா, ஆராய்ச்சியைக் காதில் போடாதவர்களா?

உங்கள் ஆராய்ச்சியில் இரண்டு பக்கமும் மருந்து உண்டு, வெறும் தண்ணீர் ஊசி யாருக்கும் இல்லை. இந்தக் கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வியும் அல்ல. வழமையாகப் போடும் ஒக்சிடோசின் 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. சித்திரை வெயிலில் படுவான்கரையில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதே வேலைக்கான, வெப்பம் தாங்கும் கார்பெடோசின் என்ற ஊசியை 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 தாய்மாரில் பார்த்து, 500 மில்லிலீற்றர் உதிரப்போக்கு என்ற அளவுகோலில் அது ஒக்சிடோசினுக்குச் சளைத்ததல்ல என்று 2018இல் சொன்னார்கள். அந்தத் தாய்மாரும் கையெழுத்து வைத்தவர்கள்தான்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். வாசிக்க முடிந்தால்! ஒரு முறை என் முன்னால் ஒரு பெண் "எழுமாற்றாக ஒதுக்கப்படுவீர்கள்" என்ற வரியில் விரலை வைத்து, "என்னை ஒதுக்கி வைப்பாங்களா டொக்டர்?" என்று கேட்டாள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல எந்த ஊசி யாருக்கு என்று முடிவாகும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதி, கடைசி நாள் யாரையோ பிடித்துத் தமிழாக்கி, ஒரு தாயிடமும் வாசித்துக் காட்டாமல் அச்சடிக்கிறார்கள். எத்தனை கூட்டத்தில் சொல்லியும் ஆயிற்று, "அடுத்த முறை பார்ப்போம்" என்பார்கள்.

படிவத்தில், ஆராய்ச்சி தாய்மாருக்கு நியாயமானதா என்று முன்கூட்டியே பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இலக்கமும், கேள்வி கேட்கத் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். மருந்து ஆய்வு என்றால் இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் நடத்திவரும் மருந்து ஆய்வுப் பதிவேட்டின் இலக்கத்தையும் கேளுங்கள். ஒரு சதமும் கட்டாதீர்கள்.

இனி, என்னை உண்மையில் எரிச்சலூட்டும் ஆட்கள். கிளினிக் வாசலில், மரநிழலில், கழுத்தில் ஒரு அட்டையோடு நிற்பார்கள். "அக்கா, ஒரு சின்ன ஆராய்ச்சி." கேட்பது மூன்றே விசயம்: பெயர், தொலைபேசி இலக்கம், பிள்ளை பிறக்கும் திகதி. ஆராய்ச்சிக்கு எதற்கு அந்தத் திகதியும் இலக்கமும் மட்டும்? பிள்ளை பிறக்க முன்னரே தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்கும் பக்கேஜுக்கோ, பிறந்த கிழமையே பால்மாவுக்கோ கோல் வரும். பால்மா விற்பவர்கள் கர்ப்பிணிகளை அணுகவே கூடாது என்று 1981இன் சர்வதேச நெறிக்கோவை சொல்கிறது. யார் கவனிக்கிறார்கள்? அட்டை அச்சடிக்க எந்தக் கடையிலும் முடியும். உங்கள் மிட்வைஃபிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாத ஆராய்ச்சி என்றால் கொப்பியை மூடிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

ஒன்று மட்டும் வேறு. உதிரம் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யும் ஆராய்ச்சி. மயங்கிக் கிடப்பவளிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது? உதிரப்போக்கை நிறுத்த உதவும் டிரனெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைப் பற்றி 2017இல் முடிவு வெளியான ஆய்வில், 21 நாடுகளில் 20,060 தாய்மார். பேசக்கூடியவரிடம் அவரிடமே கேட்டார்கள். முடியாதவருக்காக உறவினரிடம் கேட்டார்கள். உறவினரும் இல்லையென்றால், முன்கூட்டியே நெறிமுறைக் குழு அனுமதித்த இடங்களில், மருந்தைக் கொடுத்துவிட்டு, அவர் தேறிய பின் கேட்டார்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டார்கள். இது உயிர் போகிற நேரத்துக்கான வழி. சும்மா வலியில் கிடப்பவளின் கையில் பேனாவைத் திணிப்பதற்கு இதைச் சாட்டாகச் சொல்லக்கூடாது, சொல்பவர்களும் இருக்கிறார்கள். வலி வந்த பிறகு யாராவது புதிதாகப் படிவம் நீட்டினால், "வீட்டுக்காரர் வரட்டும்" என்றுகூடச் சொல்ல வேண்டாம், "இப்ப ஏலாது" என்றால் போதும்.

உங்களிடம் ஏழாம் மாதத்திலேயே கேட்டிருக்கிறார்கள், அது நல்ல அடையாளம். அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிப் போங்கள். அவர் கேள்வி கேட்கட்டும்.