மாதம் ஏழுதானே என்று படகு வாங்கலாமா?

கேள்வி: இரண்டு வருடமாகக் கடற்கரையிலும் அலைத்தடுப்புச் சுவரிலும் நின்று தூண்டில் போடுகிறேன். இப்போது மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சேர்ந்து படகு வாங்கலாம் என்கிறார். 18 அடி ஃபைபர் படகு, பின்னால் மாட்டும் 90 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின், டிரெய்லர், எல்லாம் புதிது. விலை என் எட்டு மாதச் சம்பளம். முன்பணம் 20 சதவீதத்தை அவர் போடுகிறார். மீதிக்கு 12 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன். அவருடைய பழைய கடன் ஒன்று தகராறில் இருப்பதால் கடன் என் பெயரில்தான் கிடைக்கும். தவணையில் பாதியை மாதாமாதம் தந்துவிடுவதாகச் சொல்கிறார். சம்பளத்தை 100 என்று வைத்தால் வீட்டுக்கடன் 35, குடும்பச் செலவு 40, தூண்டில் சாமான்களுக்கான வட்டியில்லாத் தவணைகள் 12 (ரீல் 4, ராடு இரண்டுக்கும் சேர்த்து 3, ஃபிஷ் ஃபைண்டர் 5). சேமிப்பு என்று தனியாக இல்லை. காருக்கு மாதம் 40 லிட்டர் பெட்ரோல், அது சம்பளத்தில் 4 போகிறது. வாடகைப் படகில் ஒரு நாள் ஓர் இடம் பிடித்தால் 3 ஆகிறது. என் பங்குத் தவணை 7தான் வருகிறது. வாங்கலாமா? மாட்டேன் என்றால் வீட்டில் சங்கடம். தூக்கம் வரவில்லை.

பதில்: வட்டி என்றால் என்ன, கடன் வாங்கினால் கட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சம்பளத்தை 100 ஆக்கிக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது படகு அல்ல, ஃபிஷ் ஃபைண்டர். படகே இல்லாத ஒருவர் கடலடியைப் பார்க்கும் கருவிக்கு மாதம் 5 கட்டிக்கொண்டிருக்கிறார். அது எப்படி வீட்டுக்குள் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். முழு விலையைச் சொல்லிக் கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டீர்கள். “மாதம் 5தானே” என்று சொன்னதால் வாங்கினீர்கள். ரீல் வந்ததும் ராடு வந்ததும் அப்படித்தான். இப்போது படகு “மாதம் 7” என்று வந்து நிற்கிறது. எந்தப் பொருளையும் முழு விலையில் பார்க்காமல் தவணையில் பார்க்கும் இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். மச்சானைச் சமாளிப்பது அதற்கப்புறம்.

அந்த 7-ஐப் பிரித்துப் பார்ப்போம். படகின் விலை 800. முன்பணம் 160 போக உங்கள் பெயரில் ஏறும் கடன் 640. மாதத் தவணை 14-க்குச் சற்று மேல். ஐந்தாண்டு முடியும்போது 640-க்கு 850-க்கும் மேல் கட்டியிருப்பீர்கள். இது படகை வாங்குவதற்கு மட்டும். கடலில் ஓட்டும் படகை வைத்திருக்க ஆண்டுக்கு அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்பது படகு வைத்திருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. காப்பீடு, நிறுத்துமிடம், என்ஜின் சர்வீஸ், டிரெய்லரின் பேரிங், உப்பு அரித்த வயர்கள் எல்லாம் அதில் அடக்கம். ஆண்டுக்கு 80 என்றால் மாதம் 7 அளவில் வரும்.

அடுத்து எரிபொருள். அவுட்போர்டு என்ஜினை முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.38 லிட்டர் அளவில் செலவாகும். 90 குதிரைத்திறனுக்கு மணிக்கு 34 லிட்டர். நிதானமாக ஓட்டினால் அதில் பாதி. போக ஒரு மணி, வர ஒரு மணி என்றாலே 35 லிட்டரை நெருங்கிவிடும். உங்கள் கார் ஒரு மாதம் குடிப்பதைக் கிட்டத்தட்ட ஒரே காலைப்பொழுதில் இந்தப் படகு குடித்துவிடும். மாதம் இரண்டு முறை போனால் 70 லிட்டர், உங்கள் கணக்கில் 7.

ஆக மாதம் 14, 7, 7 சேர்த்து 28. மச்சான் எல்லாவற்றிலும் பாதி தந்தாலும் உங்கள் பங்கு 14. கையில் மிஞ்சுவதோ 13. அந்த 13-லிருந்துதான் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் திடீரென்று பழுதாகும் குளிர்பெட்டியும் வர வேண்டும். மச்சானால் ஒரு மாதம் தர முடியாமல் போனால் 28-ம் உங்கள் தலையில். பழைய தவணைகள் 12-ஐச் சேர்த்தால் 40, அதாவது உங்கள் முழுக் குடும்பச் செலவுக்குச் சமம்.

காற்றும் அலையும் உங்கள் விடுமுறை பார்த்து அடங்காது. மாதம் இரண்டு முறை என்பது நடைமுறையில் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். தவணையும் பராமரிப்பும் குறையாது, பெட்ரோல் மட்டும் பாதியாகும். அப்போது கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் உங்கள் பங்குக்கு 12 அளவில் ஆகிறது. வாடகைப் படகில் அதே நாள் 3.

மச்சான் விஷயம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். கடன் கொடுப்பதைத் தொழிலாகச் செய்பவர்களே அவருக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். அவர்கள் ஏற்க மறுத்த பொறுப்பைத்தான் நீங்கள் ஏற்கப்போகிறீர்கள், அதுவும் எழுத்தில் எதுவும் இல்லாமல். இரண்டு வருடம் கழித்து ஒத்துவரவில்லை, விற்றுவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். விலையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் 530 வரும். கடன் பாக்கி அப்போது 430 அளவில் நிற்கும். மச்சான் தன் 160-ஐத் திருப்பிக் கேட்பார், கேட்பதும் நியாயம்தான். அதைக் கொடுத்தால் கையில் 370, கடனை அடைக்க 60 குறைவு. இரண்டு வருடம் கட்டியதும் போய், படகும் போய், கடன் மட்டும் மிச்சம். வீட்டில் சங்கடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சங்கடத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று: கடலில் யாருக்காவது அடிபட்டால் முதலில் தேடி வருவது படகு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். அன்று படகை ஓட்டியது நீங்கள் இல்லை என்றாலும் முதல் கேள்வி உங்களுக்குத்தான்.

அவரிடம் நீட்டி முழக்க வேண்டாம். “மச்சான், என் பெயரில் இனி எந்தக் கடனும் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் படகு வாங்கினால் நான் வருகிற நாளுக்கெல்லாம் பெட்ரோலில் பாதி என்னுடையது, கழுவித் துடைக்கவும் வருவேன்.” இவ்வளவு போதும். மனைவியிடம் இந்தக் கணக்கை முதலில் காட்டிவிடுங்கள். அண்ணனிடம் சொல்லும்போது அவர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் விற்கிறார்களே, அதன் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. ரொக்கமாக வாங்கினால் 92-க்குக் கிடைக்கும் ரீலைத் தவணையில் 100-க்கு எடுத்து பன்னிரண்டு மாதம் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், அந்த 8 ஆண்டுக்கு 15, 16 சதவீத வட்டிக்குச் சமம். உங்கள் படகுக் கடனைவிட அதிகம். பரிசீலனைக் கட்டணம் என்று ஏதாவது பிடித்திருந்தால் இன்னும் கூடும். வட்டி என்ற சொல் பில்லில் இல்லை, அவ்வளவுதான்.

தூண்டில் சாமான்களில் பணம் எங்கே வேலை செய்கிறது, எங்கே வீணாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த தவணை அங்கிருந்துதான் வரும். கரையிலிருந்தும் சிறு படகிலிருந்தும் நடுத்தர மீன் பிடிக்க 7 அடி ராடு ஒன்று, 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று, 20 பவுண்டு பின்னல் நரம்பு, முனையில் முள்ளைக் கட்டும் தனித் துண்டாக 30 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர். பெரும்பாலான நாட்களுக்கு இது தாராளம். உயர்ந்த அலைத்தடுப்புச் சுவரிலிருந்து தூரமாக வீச வேண்டுமென்றால் நீளமான ராடு இன்னொன்று. உங்களிடம் இரண்டும் இருக்கின்றன, இனி ராடு வாங்க வேண்டியதில்லை.

ரீல் விளம்பரங்களில் “15 கிலோ டிராக்” என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்தான் டிராக். 20 பவுண்டு நரம்பு தாங்குவது 9 கிலோ. டிராகை அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பதுதான் வழக்கம், அதாவது இரண்டேகாலிலிருந்து மூன்று கிலோ வரை. 15 கிலோ இழுவை வரும்முன் நரம்பு அறுந்திருக்கும். நீங்கள் பயன்படுத்தவே முடியாத எண்ணுக்குத்தான் அந்தக் கூடுதல் விலை. கடலுக்கு ரீல் வாங்கும்போது பார்க்க வேண்டியது டிராக்குக்குள் உப்பு நீர் புகாமல் சீல் இருக்கிறதா என்பது. நடுத்தர விலை ரீல்களிலேயே இப்போது அது கிடைக்கிறது. மீதிப் பணத்தை லீடருக்கும் முள்ளுக்கும் வையுங்கள். மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது அவைதான், விலையும் சொற்பம். துரு ஏறிய முள்ளை “இன்னும் ஒரு நாள்” என்று கட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் டிராகை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து, காய்ந்ததும் டிராகைத் தளர்த்தி வையுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். இந்த ஐந்து நிமிடம் ஒரு ரீலின் ஆயுளைப் பல வருடம் நீட்டும். புது ரீலுக்கான தவணைகளில் பல, பழைய ரீலைக் கழுவாததால் வருபவை.

மீனின் அசைவை அப்படியே திரையில் காட்டும் நேரடி சோனார் இப்போது எல்லாரையும் ஆட்டுகிறது. கருவி மோசமில்லை. ஆனால் சிறு படகு வாங்கும் பணத்தில் பெரும்பங்கை அது ஒன்றே விழுங்கிவிடும். உங்களுக்கு அது வேண்டாம். பெட்டியில் இருக்கும் ஃபிஷ் ஃபைண்டரையும் புதுப்பொலிவு மாறுமுன் விற்று, வந்ததைக் கொண்டு அந்தத் தவணையை முடியுங்கள்.

படகு ஆசையை விடச் சொல்லவில்லை. கடலில் நிற்பது உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. முதலில் ஓராண்டு வாடகைப் படகில் போங்கள், மாதம் ஒரு முறை, 3. எத்தனை மாதம் உண்மையிலேயே போகிறீர்கள் என்று காலண்டரில் குறியுங்கள். இந்த இடைவெளியில் தவணைகள் முடிந்துவிட்டால் மிஞ்சும் 13 என்பது 25 ஆகும். அதில் 10 அவசரச் சேமிப்புக்கு, படகுக்காக அதைத் தொடவே கூடாது. 12-ஐப் படகுக்கு ஒதுக்கி, 3-ஐ வாடகைப் படகுக்கு வையுங்கள். ஓராண்டில் ஒன்றரை மாதச் சம்பளம் சேர்ந்துவிடும். 14 அடி அலுமினியப் படகு, 20 குதிரைத்திறன் என்ஜினோடு, பழையது ஒன்றை அந்தத் தொகையைச் சுற்றிப் பார்க்கலாம். கழிமுகம், காயல், காற்றில்லாத நாளில் கரையோரம், இவற்றுக்கு அது போதும். ஆழ்கடலுக்கு அல்ல, அந்த ஆசைக்கு வாடகைப் படகு இருக்கிறது. இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினாலும் 15 லிட்டர்தான்.

பழைய படகில் பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள், என்ஜினைப் பாருங்கள். அடியில் இருக்கும் கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கை அழைத்துப் போய் எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்பி வந்துவிடலாம். என்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகையை, என்ஜினைத் தூக்கிய நிலையில் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் உள்ளே மரம் உளுத்திருக்கும். அலுமினியத்தில் வேறு உலோகத் திருகு இறங்கிய இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தால்தான் கவலை. தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் உடம்புக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி, ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறு, நங்கூரம், அவசர அழைப்புக்கு 16-ஆம் சேனல் வைத்திருக்கும் கடல் வானொலி. இவற்றின் விலையைப் படகு விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். டாங்கில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு எதற்கும் கைவசம் இருக்கட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. ஃபிஷ் ஃபைண்டரை விற்பனைக்குப் போடுங்கள். மச்சான் கடன் விண்ணப்பத்தில் உங்கள் அடையாளச் சான்றுகளை ஏற்கெனவே கொடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால், எதிலும் கையெழுத்துப் போடும் முன், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகக் கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.