ஹார்ன் மாற்றினால் ஆபத்து விலகுமா?

இருசக்கர வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 150 சிசி பைக் ஓட்டுகிறேன். தினமும் சேலம் ஐந்து ரோடு சந்திப்பு வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். கார்காரர்கள் என் ஹார்னைக் காதில் வாங்குவதே இல்லை. சத்தம் அதிகமான ஹார்ன் போட்டால் பாதுகாப்பு கூடுமா, அல்லது வீண் செலவா?
– அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: கொஞ்சம் கூடும். எந்த மாதிரி சமயத்தில் கூடும் என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள்.

கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும் காருக்குள் வெளிச்சத்தம் 20 முதல் 30 டெசிபல் வரை குறைந்துதான் போய்ச் சேரும். பெரும்பாலான சாதாரண பைக்குகளில் கம்பெனி தருவது ஒற்றை டிஸ்க் ஹார்ன். அதன் கீச்சுக் குரல் அங்கே அமுங்கிவிடுகிறது. உங்கள் பக்கம் மெல்லச் சாய்ந்துவரும் கார், பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கும் ஆட்டோ, போனைப் பார்த்தபடி ரோட்டில் இறங்குகிறவர் எனச் சிலரை உஷார்ப்படுத்த நல்ல ஹார்ன் கட்டாயம் உதவும். இங்கெல்லாம் வேகம் குறைவு, கேட்டுத் திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

குறுக்கே சட்டென்று ஒரு கார் நுழையும்போது கதை வேறு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, ஹாரி ஹர்ட் குழு 1981-ல் அறிக்கை கொடுத்தது. ஆபத்து தெரிந்த நொடியிலிருந்து மோதல் வரை, தப்பிக்க ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 விநாடிக்கும் குறைவு என்றது அந்த அறிக்கை. நீங்கள் ஹார்ன் அடித்து, அதைக் கேட்டு, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தக் கார்காரர் பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை விநாடி ஓடிவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 14 மீட்டர் போகிறது. அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றுவது உங்கள் பிரேக்தான். ஆகவே டயர் வழுக்கையாகிக் கிடக்கிறது, பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்றால் பணம் முதலில் அங்கே போகட்டும். ஹார்ன் அப்புறம்.

சத்தக் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு ஹார்ன்களைச் சேர்த்து அடித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று படவே 10 டெசிபல் கூட வேண்டும். அதனால் டப்பாவில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜோடி ஹார்னின் உண்மையான லாபம், 340 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த சுருதியும் 420 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சுருதியும் சேர்ந்து ஒலிப்பதில் இருக்கிறது. கேட்கிறவர் காதுக்கு அது கார் ஹார்ன் மாதிரி இருக்கும். பைக்குக்கு ஒதுங்காதவரும் காருக்கு ஒதுங்குவார், நம் ஊர் வழக்கம் அப்படி! கோயம்புத்தூரில் தயாராகும் ரூட்ஸ் உட்பட எந்த நல்ல கம்பெனி ஜோடியும் போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்று. இப்போதுள்ள ஹார்ன் தன் முழுக் குரலில்தான் ஒலிக்கிறதா என்று சோதித்தீர்களா? இன்ஜினை நிறுத்தி, சாவியைப் போட்டு, மல்டிமீட்டரை ஹார்னின் இரண்டு முனைகளிலும் வைத்து ஹார்னை அழுத்துங்கள். பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும்போது ஹார்னில் 11.5-க்குக் கீழே காட்டினால், ஹார்ன் மேல் தப்பில்லை. ஸ்விட்ச் பாயின்ட்டில் கரி, கப்ளரில் (வயர் இணைப்பில்) பச்சைப் பாசி, எர்த் போல்ட்டில் துரு, இந்த மூன்றில் ஒன்று மின்சாரத்தைத் தின்கிறது. சுத்தம் செய்தாலே பலருக்குப் புது ஹார்ன் தேவைப்படாது.

கேள்வி: கடையில் ஜோடி ஹார்ன் வாங்கி, பழைய ஹார்ன் வயரிலேயே இரண்டையும் சேர்த்து மாட்டினேன். முதல் வாரம் நன்றாக இருந்தது. இப்போது கரகரவென்று இழுக்கிறது, ஒருமுறை ஃபியூஸும் போய்விட்டது. ஹார்ன் டூப்ளிகேட்டா?
– அம்மாப்பேட்டை வாசகர்

பதில்: ஹார்ன் அசலாகவே இருக்கலாம். குறை மாட்டிய விதத்தில் இருக்கிறது. உங்கள் பழைய ஹார்ன் இழுத்தது 2 முதல் 3 ஆம்பியர். கார் வகை ஹார்ன் ஒன்றே 4 முதல் 5 ஆம்பியர் கேட்கும், ஜோடி என்றால் 8 முதல் 10. கைப்பிடியில் உள்ள சின்ன ஸ்விட்ச்சும் மெல்லிய வயரும் அதற்காகச் செய்தவை அல்ல. ஸ்விட்ச் பாயின்ட் பொறி விட்டுக் கருகி, வோல்டேஜ் இறங்கி, ஹார்ன் கரகரக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினால் ஸ்விட்ச்சே உருகும்.

ரிலே போட வேண்டும். சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச் அது. 12 வோல்ட், 30 ஆம்பியர், நாலு பின் ரிலே. பின்களில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் எடுத்து, பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள்ளேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 30-ம் பின்னுக்குக் கொண்டுவாருங்கள். ஃபியூஸை ரிலே பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே வயர் உரசி ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸ் எதையும் காப்பாற்றாது. 87-ம் பின்னிலிருந்து அதே கனமான வயரில் இரண்டு ஹார்ன்களின் ஒரு முனைக்கும் லைன் கொடுங்கள். மறு முனைகளைச் சேர்த்து பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோவது உத்தமம். சேஸிஸில் எர்த் எடுப்பதானால் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு லக் (வயர் முனை வளையம்) வைத்து முறுக்குங்கள்.

மீதி 85, 86. பழைய ஹார்னுக்கு வந்த இரண்டு வயர்களையும் அப்படியே இந்த இரண்டு பின்களில் செருகிவிடுங்கள். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சில வண்டிகளில் ஸ்விட்ச் பிளஸ்ஸை வெட்டும். சிலவற்றில் ஹார்னில் பிளஸ் எப்போதும் இருக்கும், ஸ்விட்ச் எர்த்தை மட்டும் சேர்க்கும். உங்கள் வண்டி எது என்று பார்க்காமல் ஒரு வயரை மட்டும் ரிலேக்குக் கொடுத்து, மறு பின்னை பாடி எர்த்தில் அடித்தால், இரண்டாவது வகையில் சாவி போட்டதும் ஹார்ன் நிற்காமல் அலறும். இரண்டு வயரையும் ரிலேக்கே கொடுத்தால் எந்த வகையாக இருந்தாலும் வேலை செய்யும். ரிலேக்குள் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) உள்ள ரகமானால் 86-ல் பிளஸ் வர வேண்டும், மாற்றக்கூடாது. வயரை வெட்டாமல் பொருந்தும் பின் வைத்துச் செருகினால் வாரண்டிச் சிக்கல் குறையலாம்.

மாட்டும் இடம் பாதி வேலை. ஹார்னோடு வரும் பட்டைத் தகடு ஸ்பிரிங் போல ஆட வேண்டும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹார்னை நேராக கிராஷ் கார்டில் இறுக்கினால் சத்தம் செத்துப்போகும். ஹார்னின் உடம்பு வேறெதையும் தொடக்கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, முன் ஃபோர்க்கை அழுத்திப் பார்த்து, மட்கார்டு இடிக்கவில்லை என்று உறுதி செய்த பிறகு நட்டை முறுக்குங்கள். ரிலேயில் பின்கள் உள்ள பக்கம் கீழே பார்த்து இருக்கட்டும், மழைத் தண்ணீர் தங்காது.

100, 110 சிசி வண்டியில் 3 அல்லது 4 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும். அதற்கு ஜோடி வேண்டாம். தாழ்ந்த சுருதி ஹார்ன் ஒன்றை மட்டும் ரிலே வழியாக 10 ஆம்பியர் ஃபியூஸோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழையில் நனைந்தால், வாட்டர் வாஷ் செய்தால், ஹார்ன் 'க்கும்' என்று இருமுகிறது. உள்ளே ஆயில் விடலாமா?
– குகை வாசகர்

பதில்: விடாதீர்கள். உள்ளே ஒரு மின்காந்தம் மெல்லிய தகட்டை இழுக்கிறது. இழுத்த கணமே ஒரு பாயின்ட் பிரிந்து மின்சாரம் அறுகிறது, தகடு திரும்புகிறது, பாயின்ட் மறுபடி சேருகிறது. விநாடிக்கு முந்நூறு, நானூறு முறை இது நடப்பதுதான் அந்தச் சத்தம். பாயின்ட்டில் ஆயில் பட்டால் எரிந்து கரியாகும்.

ஹார்னின் வாய் கீழ்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த பிறகும் குரல் வரவில்லை என்றால், வண்டியின் வயர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்துப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் கோளாறு வயரிங்கில். அப்போதும் இருமினால் பின்னாலிருக்கும் சின்ன ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் அடித்துப் பார்த்து, குரல் தெளிந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரேயடியாகத் திருப்பினால் பாயின்ட் பிரியாமல் ஒட்டிக்கொண்டு காயில் (கம்பிச் சுருள்) சூடேறி எரிந்துவிடும். திருப்பிய இடத்தில் ஒரு சொட்டு பெயின்ட் வைத்தால் அதிர்வில் நகராது.

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் அடிவாரத்திலிருந்து ஏற்காடு போய் வருகிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே பனிமூட்டம் வேறு. மலைப்பாதைக்கு எந்த ஹார்ன் சரி?
– கோரிமேடு வாசகர்

பதில்: நகரத்தைவிட மலையில்தான் ஹார்னுக்கு அர்த்தம் அதிகம். எதிரே வருகிறவர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நீங்கள் இருப்பதைச் சொல்ல வேறு வழி குறைவு. வளைவில் நடுவே நிற்கும் பாறை கீச்சுக் குரலைச் சுலபமாக மறைத்துவிடும், தாழ்ந்த குரல் ஓரளவு வளைந்து வரும். மேலே சொன்ன ஜோடியில் தாழ்ந்த சுருதி ஹார்னைத் தவறவிடாதீர்கள்.

அடிக்கும் நேரம் முக்கியம். வளைவுக்குள் புகுந்த பிறகு அடித்தால் பஸ் ஏற்கெனவே உங்கள் பாதிக்கு வந்திருக்கும். திரும்புவதற்கு 30, 40 மீட்டர் முன்பே ஒரு சின்ன அழுத்து. பிறகு காது கொடுங்கள். மறுபக்கத்திலிருந்து பதில் ஹார்ன் வந்தால் இடது ஓரமாக ஒதுங்குங்கள். பெரிய பஸ் கொண்டை ஊசியில் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், அதற்கு வேறு வழியில்லை. ஹெல்மெட்டுக்குள் ஹெட்போன் போட்டுப் பாட்டுக் கேட்டால் எதிராளியின் ஹார்னை நீங்களே தொலைத்துவிடுகிறீர்கள். அகலம் போதாத மலை ரோட்டில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஹார்ன் அடித்துவிட்டதால் வழி உங்களுடையது ஆகிவிடாது.

இரவில் வளைவுக்கு முன் பாஸ் லைட்டை இருமுறை தட்டுங்கள், வெளிச்சம் சத்தத்துக்கு முந்தி பாறையில் தெரியும். பனிமூட்டத்தில் இது நேர்மாறு. ஹை பீம் போட்டால் வெள்ளைத் திரை மாதிரி உங்கள் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். லோ பீமில், பார்வைக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில், இடையிடையே சின்ன ஹார்ன். எஸ்டேட் பக்கம் காட்டெருமை நின்றால் ஹார்ன் அடிக்கவே அடிக்காதீர்கள். தள்ளி நின்று, இன்ஜினை ஓடவிட்டபடி, அது போகும்வரை காத்திருங்கள்.

கேள்வி: பஸ்ஸில் இருப்பதுபோல ஏர் ஹார்ன் பைக்குக்கும் வருகிறதே, போடலாமா? போலீஸ் பிடிக்குமா?
– சீலநாயக்கன்பட்டி வாசகர்

பதில்: வேண்டாம். கம்ப்ரஸர் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அழுத்தியதும் காற்று சேர்ந்து குரல் வரச் சற்றுத் தாமதமாகும். அவசரத்தில் அந்தத் தாமதமே பெரிது. மத்திய மோட்டார் வாகன விதி 119 மாறி மாறி ஒலிக்கும் பல சுருதி ஹார்னையும், அளவுக்கு மீறிய கடூரமான, மிரட்டும் சத்தத்தையும் தடை செய்கிறது. ஒலி மாசு விதியை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ உண்டு, லைசென்ஸும் 3 மாதம் முடங்கும். ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஜோடி ஹார்ன் வேறு ரகம், கார்களில் கம்பெனியே அதைத்தான் தருகிறது.

முறையான ஹார்னாக இருந்தாலும் மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அமைதிப் பகுதியாக அறிவித்த 100 மீட்டருக்குள் அடிக்கக்கூடாது. தேவையில்லாமல் அடித்தால் 194எஃப் பிரிவின்படி முதல்முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000.

கேள்வி: பிரேக் பிடித்தால் பாட்டுப் பாடும் ரிவர்ஸ் ஹார்ன் மாதிரி ஒன்றை மகன் கேட்கிறான்...
– கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: அந்தக் காசுக்கு அவனுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள்.