ஒரு மாதத்துக்குள் எடிட்டிங் மென்பொருளைப் புத்தகம் பார்த்துப் படித்துவிட முடியுமா?

முடியும். நான் அப்படித்தான் படித்தேன். அந்த வேலையில்தான் இன்றைக்கும் என் வீட்டில் உலை கொதிக்கிறது.

“ஒரு மாதம்தான் இருக்கிறது, கோர்ஸ் போகக் காசில்லை, யூடியூப் இருக்கும்போது புத்தகம் வாங்குவது வீண் செலவா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு ஸ்டூடியோவில் “பிரீமியர் (அடோபி நிறுவனத்தின் வீடியோ எடிட்டிங் மென்பொருள்) தெரியுமா” என்று கேட்டிருப்பார்கள், நீங்களும் “தெரியும்” என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிழையாக நினைத்திருந்தால் மன்னியுங்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான், அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

2010 கடைசி. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடியோ ஸ்டூடியோவில் எனக்கு லைட் பிடிக்கிற வேலை. எடிட்டிங் செய்த அண்ணாவுக்கு விசா வந்து, ஒரே கிழமையில் வெளிநாடு போய்விட்டார். அலுமாரியில் 9 கலியாணங்களின் மினி டீவி (DV) வீடியோ டேப்புகள் வெட்டப்படாமல் கிடந்தன. மார்கழியில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை. புது வேலை வராத அந்த ஒரு மாதம்தான் இருந்தது. முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, தை பிறக்கிறதுக்குள்ள உதெல்லாம் குடுக்கோணும். உனக்குப் பிரீமியர் ஏலுமோ?”

“ஏலும் அண்ணை.”

அந்த அண்ணாவின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்ததைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் மருதானைக்குப் போய், விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் இருக்கிற வரிசையில் தேடினேன். பிரீமியர் ப்ரோவின் சீஎஸ் 3 பதிப்பைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. 600 ரூபாய். வீட்டுக்கு வந்து பார்த்தால், கடைசி அட்டையில் டிவிடி வைக்கிற உறை வெறுமையாக இருந்தது. அந்த மாதிரிப் புத்தகங்களில் ஒவ்வொரு பாடமும் “டிவிடியில் உள்ள இந்தக் கோப்பைத் திறவுங்கள்” என்றுதான் தொடங்கும். கோப்பு இல்லாவிட்டால் பாடம் இல்லை.

அன்றைக்கு அது பெரிய இடி. ஆனால் அந்த உறை வெறுமையாக இருந்ததால்தான் நான் வேகமாகப் படித்தேன் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். வேறு வழியில்லாமல் என் மச்சாளின் சாமத்திய வீட்டு டேப்பை எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் யாரோ சைக்கிள் ஓட்டுகிற கிளிப்பில் செய்யச் சொன்னதையெல்லாம் அந்த டேப்பில் செய்தேன். புத்தகக் கிளிப்பில் ‘இங்கே வெட்டு’ என்றால் வெட்டிவிட்டுப் போய்விடலாம். மாமி ஆலாத்தி எடுக்கிற இடத்தில் எங்கே வெட்டுவது என்று நாமே யோசிக்க வேண்டும். யோசித்தது மறக்காது.

அப்போது டேப்பைக் கணினிக்குள் ஏற்ற, டேப் ஓடும் நேரம் முழுவதும் எடுக்கும். 60 நிமிட டேப் என்றால் 60 நிமிடம், சுமார் 13 ஜிபி. ஒரு கலியாணத்துக்கு நாலு, ஐந்து டேப். அந்த நேரத்தில் கணினியில் வேறு எதையும் தொட்டால் ஃப்ரேம், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்கள், விடுபட்டுப்போகும் என்று பயம். கைகட்டி உட்கார்ந்திருக்கிற அந்த மணித்தியாலங்களில்தான் புத்தகத்தை வாசித்தேன். நான் தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் விளங்க அரை மணித்தியாலம் ஆகும். விளங்கியதை ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்தேன்.

அந்தக் கொப்பியில் இருந்து இரண்டு, மூன்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். ரிப்பிள் எடிட் என்பது கியூவில் ஒருவர் விலகினால் பின்னால் நிற்கிற எல்லோரும் ஓரடி முன்னுக்கு வருவது. டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்குகிற பட்டியில்) வெட்டியதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் நகரும், மொத்த நீளம் மாறும். ரோலிங் எடிட் என்பது இரண்டு காணிக்கு நடுவிலே உள்ள வேலியை நகர்த்துவது. ஒருவன் காணி கூடினால் பக்கத்தவன் காணி குறையும், மொத்தக் காணி மாறாது. ஸ்லிப் என்பது ஜன்னலும் சுவரும் அப்படியே நிற்க, வெளியே கடற்கரை ரயிலின் வேறொரு பெட்டி தெரிவது. கிளிப் டைம்லைனில் அதே இடத்தில், அதே நீளத்தில் இருக்கும். உள்ளே தெரிகிற பகுதி மட்டும் மாறும். பிரீமியரில் இவற்றுக்கு பீ, என், வை என்று ஒவ்வொரு விசை. இந்த மூன்றும் கைக்கு வந்தால் மவுஸைப் பிடித்து இழுக்கிற வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஜே, கே, எல் விசைகளில் பின்னுக்கும் முன்னுக்கும் ஓட்டி, ஐ, ஓ விசைகளைத் தட்டி, தொடக்கத்தையும் முடிவையும் குறிப்பது அதற்கும் முதல் வரவேண்டும். இதை எந்த வீடியோவும் எனக்கு இவ்வளவு ஒழுங்காகச் சொல்லித் தந்ததில்லை. யூடியூபில் படித்தவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை, என்னைவிட நன்றாக வெட்டுகிற யூடியூப் பெடியள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே நமக்கு என்ன தெரியாது என்று தெரிந்தால்தான் தேடலாம். ரோலிங் எடிட் என்று ஒன்று இருப்பதே தெரியாதவன் அதை எப்படித் தேடுவான்?

இனிப் புத்தகத்தால் நான் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நேர்மையில்லை.

புத்தகம் அமெரிக்காவில் எழுதப்பட்டது. புது ப்ராஜெக்ட் தொடங்குகிற இடத்தில் டீவி என்டிஎஸ்சி (DV NTSC, அமெரிக்க டிவி முறை) என்ற அமைப்பைத் தெரிவு செய்யச் சொல்லிப் படமும் போட்டிருந்தது. நானும் எழுத்துப் பிசகாமல் அதையே தெரிவு செய்தேன். நம்முடைய இலங்கையில் பால் (PAL) என்ற டிவி முறை, நொடிக்கு 25 ஃப்ரேம். அமெரிக்காவில் 29.97. படத்தின் உயரமும் வேறு: நமக்கு 576 வரி, அவர்களுக்கு 480. நான் முதல் கலியாணத்தை முக்கால்வாசி வெட்டிவிட்டேன். டிவிடி எழுதி ஸ்டூடியோ டிவியில் போட்டுப் பார்த்தால், பொம்பிளை நடந்து வருகிற ஷாட் தத்தித் தத்தி வருகிறது. 25 ஃப்ரேமை 30க்கு நீட்டினால் நொடிக்கு ஐந்து ஃப்ரேம் இரட்டிக்கும், அதுதான் அந்தத் தத்தல் என்று அப்போது தெரியாது. கமெரா பிழை என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. புதிதாக பால் அமைப்பில் ஒரு சீக்வென்ஸ் (டைம்லைன்) போட்டுத் திரும்ப முதலிலிருந்து வெட்டினேன். அதே புத்தகத்தில் டிரொப் ஃப்ரேம் டைம்கோட் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இடுகிற நேர எண்) பற்றிய பகுதியோடும் ஓர் இரவு மல்லுக்கட்டியிருந்தேன். நிமிடத்துக்கு இரண்டு எண்களைத் தாண்டுவது, ஒவ்வொரு பத்தாவது நிமிடத்திலும் தாண்டாமல் விடுவது என்ற கணக்கு. 29.97க்காக உண்டான கணக்கு அது. 25க்கு அந்தப் பிரச்சினையே இல்லை. தேவையில்லாத ஒன்றுக்கு ஓர் இரவு போனது.

ஸ்டூடியோவில் இருந்தது சீஎஸ் 4. புத்தகம் சீஎஸ் 3. எக்ஸ்போர்ட் செய்கிற (வெட்டி முடித்ததை வீடியோக் கோப்பாக எடுக்கிற) இடம் தனிச் செயலியாக மாறியிருந்தது, தேடிப் பிடிக்க ஒரு மாலை. மற்றபடி ஒரு பதிப்பு பழைய புத்தகத்தால் பெரிய இடைஞ்சல் இல்லை. பட்டன் இடம் மாறும், வேலை மாறாது.

புத்தகத்தில் இல்லாத பாடத்தை ஓர் அம்மா சொல்லித் தந்தார். முதல் கலியாணத்தைக் கொடுத்தபோது, பொம்பிளையின் தாய் தாலி கட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் வடிவாயிருக்குத் தம்பி, மேளம்தான் இடையில நிண்டு நிண்டு போகுது.” நான் ஒவ்வொரு ஷாட்டையும் அதனதன் சத்தத்தோடு வெட்டி ஒட்டியிருந்தேன். கெட்டிமேளம் ஐந்து துண்டாகியிருந்தது. அன்றிலிருந்து அந்த இடத்தில் ஒரே கமெராவின் ஓடியோவை முழுதாகப் போட்டு, அதன் மேல் படத்தை மட்டும் மாற்றுவேன். தவிலும் நாதஸ்வரமும் ஒரு நொடி முன்னாலேயே கேட்கத் தொடங்கி, பிறகு படம் வந்தால் மனம் தானாக அந்த இடத்துக்குப் போகும். எடிட்டர்கள் ஜே கட் என்று சொல்வது இதைத்தான். ஒலியை முன்னுக்கு இழுக்கிற முறை புத்தகத்தில் இருந்தது. கெட்டிமேளத்தை வெட்டக்கூடாது என்பது அதில் இல்லை.

9 கலியாணமும் தைப்பொங்கலுக்கு முதல் முடிந்தன. கடைசி இரண்டுக்குத் தூங்கவில்லை.

கேட்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு மாதத்தில் படித்தேன்’ என்பதை நான் பெருமையாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். சில வருடங்களுக்குப் பிறகு தனியாக வேலை செய்யத் தொடங்கியபோது, வெளிநாட்டிலிருந்து வந்து கொழும்பில் கலியாணம் வைத்த ஒரு குடும்பம், பென் டிரைவை வாங்கிக்கொண்டு மிச்சக் காசைத் தராமல் இழுத்தடித்தார்கள். கடைசியில் அந்தத் தகப்பன் போனில் சொன்ன வார்த்தை: “நீர் ஒரு மாசத்தில புத்தகம் பாத்துப் படிச்ச வேலைதானே, இதுக்கு இவ்வளவு காசோ?” அந்தக் காசு இன்றுவரை வரவில்லை. அவர்களின் கலியாணத்துக்கு நான் 22 நாள் இருந்தேன். ஐயர் மந்திரம் சொல்லும்போது பின்னால் ஜெனரேட்டர் இரைந்ததைக் குறைக்கவே இரண்டு நாள் போனது. சமையல்காரருக்கும் மேளக்காரருக்கும் மண்டபத்திலேயே கணக்கு முடிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து வீடியோவைக் கொடுக்கிறவன் என்பதால் எடிட்டர் மட்டும் வாசலில் நிற்க வேண்டுமா? மென்பொருளைப் படிக்க ஒரு மாதம் போதும், அது வேறு. அந்தக் கலியாணத்தை வெட்டியது அதற்குப் பிறகு நான் வெட்டிய நூற்றுக்கணக்கான கலியாணங்களின் கை. பென் டிரைவைக் கொடுக்குமுன் முழுக் காசையும் வாங்குங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் வாங்குங்கள்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். “2010 கதை இப்போது எதற்கு” என்று யாராவது கேட்பார்கள் என்று தெரியும். 2022இல் இன்னொரு தடவை இதையே செய்தேன்.

அடோபி 2013இலிருந்து புதுப் பதிப்புகளைச் சந்தாவாக மட்டுமே தருகிறது. 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில கிழமைகளில் 300ஐத் தாண்டியது. கலியாணங்கள் தள்ளிப் போயின, டொலரில் மாதச் சந்தா கட்ட வழியில்லை. டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது. அதை வெளியிடுகிற பிளக்மேஜிக் நிறுவனமே பாடப் புத்தகங்களைப் பயிற்சிக் கோப்புகளோடு இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிறது. அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது உங்களுக்கும் நினைவிருக்கும். ரவுட்டர் இல்லை, யூடியூப் இல்லை. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நேரம் அது. தெரிந்த போட்டோகொப்பிக் கடை அண்ணாவைக் கெஞ்சி, எடிட்டிங் பாடங்களை மட்டும் இரண்டு பக்கமும் அடித்து எடுத்தேன். கரண்ட் இல்லாத நேரம் ஜன்னலோரம் வாசித்து, கரண்ட் வந்ததும் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைப்பேன். கரண்ட் வந்தால் யோசிக்கிறதில்லை, கை மட்டும்தான். மூன்று கிழமையில் ரிசோல்வில் ஒரு பிறந்தநாள் விழாவை வெட்டிக் கொடுத்தேன். வேலியும் கியூவும் ஜன்னலும் இங்கேயும் அதேதான். நிறத்தைத் திருத்துகிற கலர் பக்கத்தில் உள்ள நோட் (node) முறை மட்டும் புதிது, அதற்கு இன்னும் நேரம் எடுத்தது.

ரிசோல்வில் முதல் நாளே ஒன்று கண்ணில் பட்டது. புது ப்ராஜெக்ட் 24 ஃப்ரேமில் திறக்கும். கிளிப்புகளைச் சேர்த்த பிறகு ப்ராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது. பொம்பிளை தத்தி வந்த ஷாட் நினைவுக்கு வந்தது, எதையும் உள்ளே இழுக்குமுன் 25 போட்டேன்.

உங்களுக்கு இருக்கிற மாதத்தில் நான் என்றால் இப்படிச் செய்வேன். ரிசோல்வாக இருந்தால் அந்த இலவசப் புத்தகம், பிரீமியராக இருந்தால் உங்கள் பதிப்புக்குக் கிட்டிய ஒரு பழைய புத்தகம். கிளிப் உள்ளே எடுப்பது, வெட்டுவது, ட்ரிம், ஓடியோ, எக்ஸ்போர்ட், இவ்வளவையும் முதல் பத்து நாளுக்குள். எஃபெக்ட், டைட்டில் பாடங்களை இப்போதைக்குத் தாண்டுங்கள். ஒவ்வொரு பாடத்தையும் புத்தகத்தின் கோப்பில் ஒருமுறை, உங்கள் வீட்டு விசேஷம் ஏதாவதில் இன்னொருமுறை. பதினோராம் நாள் ஒரு முழு நிகழ்ச்சியைத் தொடங்கி, ஒருவருக்குக் கொடுப்பதாகத் திகதி சொல்லிவிடுங்கள். திகதி சொல்லாமல் தொடங்கினால் டைட்டில் பாடத்தில் போய் நின்றுவிடுவீர்கள், நான் சேர்த்துக்கொண்ட பெடியள் இரண்டு பேர் அங்கேதான் நின்றார்கள். அதோடு, தொடங்குமுன் உங்கள் கிளிப் 25ஆ, 50ஆ, கைபேசியில் எடுத்த 30ஆ என்று பாருங்கள். 25 என்றால், புத்தகத்தில் 29.97 என்று வருகிற இடமெல்லாம் பென்சிலால் 25 என்று திருத்திவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.