ரிப்பீட்டரில் கோடு நிறைய இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் தோப்புக்குள் எங்கள் வீடு. முன்வீட்டில் ஃபைபர் நெட் இருக்கிறது. அறுபது அடி தள்ளிப் பின்வீட்டில் பையன் படிக்கிறான், அவனுக்காக, முன்வீட்டு வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் வைஃபை ரிப்பீட்டர் ஒன்று மாட்டினோம். ஆறு மாதம் நன்றாக ஓடியது. போன மாதம் இடியில் முன்வீட்டுப் பெட்டி போய்விட, புதுசு வைத்தார்கள். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டையே போட்டுக் கொடுத்தார்கள். முன்வீட்டில் நெட் வருகிறது. ரிப்பீட்டரில் மட்டும் போனில் சிக்னல் கோடு நிறையக் காட்டிவிட்டு, இணையம் இல்லை என்கிறது. கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா அண்ணா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம்மா. உங்கள் ரிப்பீட்டர் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

போனில் தெரியும் கோடு, போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் உள்ள சிக்னல். ரிப்பீட்டர் அதே அறையில் இருந்தால் கோடு நிறையத்தான் இருக்கும். ஆனால் நெட் வர இன்னொரு இணைப்பும் வேண்டும்: ரிப்பீட்டரிலிருந்து முன்வீட்டு ரவுட்டர், அதாவது அந்த ஃபைபர் பெட்டி, வரைக்கும். அது அறுந்திருந்தால் போனில் எத்தனை கோடு இருந்தும் பயனில்லை. ரிப்பீட்டரில் எரியும் விளக்கையும் முழுசாக நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அதற்கு ஒவ்வொரு அர்த்தம்.

எந்தப் பக்கம் அறுந்தது என்று போனிலேயே பார்க்கலாம். முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். முன்வீட்டில் ரவுட்டர் வைஃபையில் சேர்ந்து, வைஃபை செட்டிங்கில் அந்தப் பெயரைத் தொட்டு, ஐ.பி. முகவரி, கேட்வே என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்வே என்பது நெட்டுக்குப் போகும் வாசலின் எண், 192.168.1.1 மாதிரி இருக்கும். பிறகு பின்வீட்டுக்குப் போய் ரிப்பீட்டரில் சேர்ந்து அதையே எழுதுங்கள்.

இரண்டு இடத்திலும் கேட்வே ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ரிப்பீட்டர் ரவுட்டரோடு பேசுகிறது. சிக்னல் பலவீனமாக இருக்கலாம், அல்லது டி.என்.எஸ்., அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை, கோளாறாக இருக்கலாம். பிரவுசரில் 1.1.1.1 என்று அடித்துப் பாருங்கள். அது திறந்து மற்ற தளங்கள் திறக்காவிட்டால் டி.என்.எஸ்.தான். வைஃபை செட்டிங்கில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 போட்டால் சரியாகிவிடும். போன் 'ஐ.பி. முகவரி பெறுகிறது' என்றே நின்றாலோ, லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் எண் வந்தாலோ, முகவரி கொடுக்க யாரும் இல்லை என்று பொருள். பின்வீட்டில் மட்டும் 192.168.10.1 மாதிரி வேறு வரிசை வந்தால், ரிப்பீட்டர் ரவுட்டரைப் பிடிக்காமல் தனக்குத் தானே ஒரு வைஃபை நடத்திக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு இதுதான் வரும் என்பது என் கணிப்பு.

பெயரும் பாஸ்வேர்டும் அதேதானே என்று கேட்பீர்கள். சில ரிப்பீட்டர்கள் பெயரோடு சேர்த்துப் பழைய பெட்டியின் வன்பொருள் முகவரியையும், அதாவது மேக் அட்ரஸையும், நினைவில் வைத்திருக்கும். பெட்டி மாறியதும் அந்த முகவரியைத் தேடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, புதுப் பெட்டியில் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்று மட்டும் இருந்தால் பழைய ரிப்பீட்டருக்கு அது புரியாது, டபிள்யூ.பி.ஏ.2 அல்லது இரண்டும் கலந்தது என்று மாற்றச் சொல்லுங்கள். ரிப்பீட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் எடுக்கும் ரகமாக இருந்தால், ரவுட்டரில் அந்த அலைவரிசை அணைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேனல் 12, 13 சில ரிப்பீட்டர்களுக்குத் தெரியவே தெரியாது. 1, 6, 11 இவற்றில் ஒன்றை வைப்பது நல்லது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரிப்பீட்டரைக் கழற்றி முன்வீட்டுக்கு எடுத்துவந்து, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே சொருகுங்கள். ரீசெட் என்று எழுதிய சின்னத் துளைக்குள் ஊசியை விட்டு, எல்லா விளக்கும் ஒருமுறை மின்னும் வரை, பத்து விநாடி போல அழுத்திப் பிடியுங்கள். பழைய நினைவெல்லாம் போய்விடும். அப்புறம் அதன் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பெயரில் போனைச் சேர்த்து, அதே ஸ்டிக்கரில் உள்ள முகவரியைப் பிரவுசரில் அடியுங்கள். பக்கம் திறக்காவிட்டால் மொபைல் டேட்டா மறுபடி ஆன் ஆகியிருக்கும், பாருங்கள். பட்டியலில் உங்கள் ரவுட்டரைத் தேர்ந்து பாஸ்வேர்டைக் கொடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக்கூடாது. அந்த அறையிலேயே நெட் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பின்வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கோபாலபுரம் பக்கம் ஒரு வீட்டில் இதையெல்லாம் செய்தும் நெட் வரவில்லை. ரவுட்டருக்கும் 192.168.1.1, ரிப்பீட்டருக்கும் 192.168.1.1. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ரிப்பீட்டரின் எண்ணை 192.168.1.250 என்று மாற்றி, அதில் டி.எச்.சி.பி.யை, அதாவது போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, அணைத்தேன், உடனே வந்துவிட்டது. உங்கள் தாளில் கேட்வே ஒன்றாக இருந்தும் நெட் வராவிட்டால் இதையும் பாருங்கள்.

இடமும் முக்கியம். ரிப்பீட்டரைப் பின்வீட்டின் உள்ளே தள்ளி வைக்காமல், ரவுட்டரைப் பார்த்த பக்கத்துச் சுவரோரம் வையுங்கள். அந்த இடத்தில் போனில் ரவுட்டரின் சொந்த சிக்னல் பாதிக் கோடாவது வர வேண்டும். நடுவில் தகரக் கூரை போட்ட மாட்டுத் தொழுவம் இருந்தால் அலையை அது தடுக்கும், நாலடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். கரண்ட் போய் வரும்போது ரிப்பீட்டர் சீக்கிரம் எழுந்துவிடும், ஃபைபர் பெட்டி எழச் சில நிமிடம் ஆகும். பெட்டி நிதானமானதும் ரிப்பீட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

பையன் தினமும் வகுப்பில் உட்காருகிறான் என்றால், அறுபது அடிக்குக் கேபிள் இழுப்பதுதான் என் விருப்பம். நூறு மீட்டர் வரை லேன் கேபிள் தாங்கும், வேகமும் குறையாது. ஆனால் துலாவர்ஷ இடி, அதாவது ஐப்பசி மழைக்கால இடி, உங்கள் பெட்டியை ஒருமுறை வாங்கிவிட்டது. லேன் கேபிளுக்குள் இருப்பது செம்புக் கம்பி, அதனால் வெளியில் அது வேண்டாம், ஃபைபர் கேபிளே இழுக்கச் சொல்லுங்கள். மானம் கறுத்தால் இரண்டு வீட்டிலும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வராவிட்டால், தாளில் எழுதிய எண்களையும் ரிப்பீட்டர் ஸ்டிக்கரின் படத்தையும் அனுப்புங்கள். பாஸ்வேர்ட் இருக்கும் இடத்தை விரலால் மறைத்துப் படம் எடுங்கள்.