டிக்கி மூடி அடிக்கிறது, ஷீட் ஒட்டினால் போதுமா?

கேள்வி (அல்சூர், பெங்களூரு): என்னுடையது பழைய செடான் சார். டிக்கியில் பேஸுக்கென்றே, அதாவது கனத்த தாழ்ந்த ஒலிக்கென்றே, 12 இஞ்ச் சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்றும் அதை ஓட்ட மோனோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றும் போட்டிருக்கிறேன். பேஸ் வரும்போது டிக்கி மூடி கடகடவென்று அடிக்கிறது, நம்பர் பிளேட் தனியாகத் தாளம் போடுகிறது, காருக்குள்ளே கேட்பதைவிட வெளியேதான் அதிகம் கேட்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஜே.சி. ரோட்டில் விசாரித்தால் கார் முழுக்க அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டிவிடுங்கள், எல்லாம் அடங்கிவிடும் என்கிறார்கள். செலவு கையைக் கடிக்கிறது. ஒட்டலாமா?

பதில்: முழுக்க ஒட்டாதீர்கள், அந்தப் பணத்தில் பாதிகூடத் தேவைப்படாது. உங்கள் வண்டியில் மூன்று தொந்தரவுகள் கலந்து கிடக்கின்றன: இரண்டு பொருள்கள் மோதுவதால் வரும் கடகடப்பு, தகடு தானாக ரீங்கரிப்பது, தகடு உள்ளே வெளியே வளைவது. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஷீட்டின் மேலே அலுமினியத் தாள், கீழே பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர். தகடு அதிரும்போது தாளுக்கும் தகட்டுக்கும் நடுவில் அந்த ரப்பர் இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடும். ரீங்காரத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வளைவது வேறு விஷயம். எவர்சில்வர் தட்டைத் தட்டி விரலை வைத்தால் ஒலி சட்டென்று நின்றுவிடும், அதற்காக அந்தத் தட்டு வளையாமல் போய்விடுமா? காரின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. சப்வூஃபர் தள்ளுகிற காற்றின் அழுத்தம் முழுதாக உங்கள் காதுக்கு வர வேண்டியது, அதில் ஒரு பங்கை டிக்கி மூடி வெளியே வளைந்து விழுங்கிவிடுகிறது. உள்ளே பேஸ் குறைந்து வெளியே கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எங்கே தொடங்குவது? போனிலிருந்து கார் ஸ்டீரியோ வழியாக 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோன் ஒன்றை அளவான வால்யூமில் ஓடவிடுங்கள். ஒருவர் வெளியே நின்று, சத்தம் வரும் இடங்களை உள்ளங்கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கட்டும். அழுத்தினதும் எது நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு குறி. இதைச் செய்யாமல் ஷீட் வாங்கப் போகவே கூடாது என்பேன், ஏனென்றால் பாதித் தொல்லை தகட்டில் இருக்காது, பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பார்சல் ட்ரேயிலும் பிளாஸ்டிக் கிளிப்பிலும் தொங்கும் வயரிலும்தான் இருக்கும். இவற்றுக்கெல்லாம் மெல்லிய ஃபோம் டேப்பே போதும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் அதே டேப்தான்.

அடுத்தது டிக்கி மூடி, இங்கேதான் பொறுமை வேண்டும். மூடியில் வெளித்தகடு ஒன்று, உள்ளே சட்டம் போன்ற தகடு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் கம்பெனியிலேயே ஆங்காங்கே பசை உருண்டை வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டுப் பட்டு அது காய்ந்து விட்டுப்போகும். சட்டத்தின் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். விட்டுப்போன இடங்களில் காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரியே இருக்கும் பாலியூரித்தேன் சீலண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒன்றிரண்டு நாள் ஆறவிடுங்கள். அதிகம் அப்பினால் காயும்போது வெளித்தகட்டை இழுத்து பெயிண்ட் மேலேயே பள்ளம் தெரியும். பொங்கி விரியும் ஃபோமை அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும், தகடும் புடைத்துக்கொள்ளும். அப்புறம் மூடியின் ஓரத்தில் திருகக்கூடிய ரப்பர் முட்டுகள் இருந்தால் அவற்றைக் கொஞ்சம் வெளியே திருகுங்கள், மூடி இறுக்கமாக உட்காரும். காசே செலவாகாத வேலை, ஆனாலும் பலர் கவனிப்பதில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஷீட். வெளித்தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மூடினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ எடை வரும், மூடியைத் தூக்கிப் பிடிக்கும் கம்பிக்கும் ஓர் அளவு உண்டு. தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ரோலரால் நன்றாக அழுத்துங்கள். தார் கலந்த மலிவு ஷீட் வேண்டாம், வெயிலில் நாற்றமடித்து ஒழுகும்.

சப்வூஃபர் பெட்டியையும் பாருங்கள். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, உள்ளே குறுக்குத் தாங்கல், தரையோடு அசையாத பிடிப்பு, மூன்றும் இருக்க வேண்டும். கூரை நடுங்குகிறது என்றால் அங்கேயும் தகட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் பசைதான் சந்தேகம். ஆனால் உள்கூரைத் துணியைக் கழற்றும்போது ஓரங்களில் ஜன்னல் பக்கமாக விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருக்கலாம், தெரிந்த ஆள் இல்லாமல் கை வைக்காதீர்கள். பேஸ் போட்டிக்குப் போகும் வண்டிகளில் இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து கான்கிரீட்கூட ஊற்றுவார்கள். 150 டெசிபலைத் தாண்ட நினைப்பவர்களுக்கு அது, தினமும் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்கிற வண்டிக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

கேள்வி (முருகேஷ்பாளையா, பெங்களூரு): கதவில் இருக்கும் ஓட்டைகளை எல்லாம் ஷீட்டால் அடைத்தால் பேஸ் கூடுமா?

பதில்: உள்தகட்டின் பெரிய ஓட்டைகளை மூடினால் கதவு ஸ்பீக்கரின் பேஸ் நிச்சயம் கெட்டிப்படும், ஸ்பீக்கரின் பின்பக்கக் காற்று முன்பக்கம் வந்து அடித்துக்கொள்வது நிற்கும். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டைகளை மட்டும் தொடவே கூடாது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது, இந்த ஊர் மழைக்கு அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் கதவுக்குள் அதற்கான சென்சார் இருக்கக்கூடும், அதன் பக்கத்திலும் எதையும் ஒட்டாதீர்கள்.

கேள்வி (சிவாஜிநகர், பெங்களூரு): ராத்திரி வண்டியை உள்ளே விடும்போது பேஸ் கேட்கிறது என்று மாடிவீட்டு அக்கா சத்தம் போடுகிறார்கள். நல்ல ஷீட் ஒட்டினால் வெளியே கேட்காதா அண்ணா?

பதில்: கேட்கும் தம்பி. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலையே எட்டரை மீட்டர் நீளம், அதைத் தடுக்கத் தகட்டுக்குப் பெரிய எடை வேண்டும். எடையை இரட்டிப்பாக்கினால்கூட சுமார் 6 டெசிபல்தான் குறையும், அதுவும் கண்ணாடி வழியாகப் போவது தனி. அக்கா கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. உங்கள் ஆம்பில் ரிமோட் பேஸ் நாப் (பேஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் திருகு) செருக இடம் இருந்தால், அதை ஸ்டீயரிங் பக்கத்தில் பொருத்திக்கொள்ளுங்கள், தெருமுனை திரும்பும்போதே குறைத்துவிடலாம்.